உடைந்த வளையத்தின் இரண்டு துளைகள்

என் மனைவி ரதிதேவியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவளுடைய இடது காதைப் பற்றி எழுத வேண்டும். அவளுக்கு அது பிடிக்காது என்றுதான் நினைத்தேன். எழுதியதைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "உங்கடை கோபத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம்" என்றாள். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அப்படியே தருகிறேன்.

அந்தக் காதில் சோணை, அதாவது தோடு குத்துகிற கீழ்ச்சதை, இல்லை. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒன்றாக வெளிக்கிட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. யாரோ ஒருவருடைய சைக்கிளில் கட்டியிருந்த சாக்கு மூட்டையில் அவளுடைய தோடு மாட்டி இழுபட்டுப் போனது. யாரும் பறிக்கவில்லை. நெரிசல், அவ்வளவுதான். பிறகு சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து கிடந்தபோது காயம் சீழ் பிடித்தது. பார்க்க வந்த டாக்டர் மிச்சத்தையும் வெட்டிவிட்டார். "இப்ப பத்து நிமிச வேலை, தைச்சு விடுவாங்கள்" என்று நாங்கள் இப்போது வாழும் நியூசிலாந்தின் ஒக்லாண்டில் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. தைப்பதற்குச் சோணை வேண்டும் ஐயா. இல்லாததை எப்படித் தைப்பது?

அவளைப் பெண் பார்க்கப் போனபோது தலைமுடி காதை மறைத்திருந்தது. கலியாணத்துக்குப் பிறகும் மறைத்தே இருந்தது. எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் வலப்பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டு நிற்பாள். எங்கள் வீடு இருக்கும் ஹில்ஸ்பரோவில் காற்று கொஞ்சம் பலமானது. துறைமுகப் பக்கமிருந்து அது வீசும்போதெல்லாம் அவளுடைய இடது கை தானாக மேலே போய்விடும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பாபடோயிட்டோய் மண்டபம் ஒன்றில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையை வரவேற்க ஆராத்தித் தட்டைத் தூக்கச் சொல்லி யாரோ ரதியின் கையில் கொடுத்துவிட்டார்கள். என் அண்ணி கல்யாணி ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டார். "நீ வை பிள்ளை. மூளிக் காதோடை நல்ல காரியத்திலை முன்னுக்கு நிக்கிறது சரியில்லை" என்றார். அண்ணி கெட்டவர் இல்லை. நாங்கள் வீடு கிடைக்காமல் அலைந்தபோது தன் வீட்டில் எங்களை வைத்துச் சோறு போட்டவர். அவருக்கு அவருடைய தாய் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிறகு ரதி எந்தக் கலியாணத்திலும் முன் வரிசைக்கு வரவில்லை. போனவுடன் சமையலறைக்குள் புகுந்து வடைக்கு மாவு குழைப்பாள். "ரதியின்ரை வடை மாதிரி வராது" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த வடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ரதி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எங்கள் ஒரே மகள் நிருஜா வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று போனது. நான் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடும் கிரிக்கெட்டும் போதும் எனக்கு. அவளுக்குப் போதவில்லை. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பாடம் ஒன்றில் சேர்ந்தாள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் எம்.ஏ. ஆராய்ச்சியில் வந்து நின்றது. என்ன ஆராய்ச்சி? ஜேட் என்னும் பச்சைக்கல்லில் செய்த சீனாவின் பழங்கால நகைகள்.

"கீழடி இருக்கு, ஆதிச்சநல்லூர் இருக்கு. உனக்கு ஏனப்பா சீனா?" என்று கேட்டேன்.

அவள் கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். வடகிழக்குச் சீனாவில் தோண்டிய கல்லறை ஒன்று. ஏறத்தாழ எட்டாயிரம் வருடப் பழசாம். மண்ணுக்குள் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. மண்டையோட்டின் இரண்டு பக்கமும், காது இருந்திருக்க வேண்டிய இடத்தில், பச்சைப் பட்டாணி நிறத்தில் ஒவ்வொரு கல் வளையம். வட்டமான வளையம்தான், ஆனால் ஓரிடத்தில் மெல்லிய வெட்டு. அந்த வெட்டு வழியாகக் காதுத் துளையில் மாட்டிக்கொள்வார்களாம். சீனாவில் இதுவரை கிடைத்த ஜேட் நகைகளில் மிகப் பழையவை இந்த மாதிரி வளையங்கள்தான் என்றாள். வலது காதுப் பக்கத்து வளையம் முழுசு. இடது பக்கத்து வளையம் இரண்டு துண்டாக உடைந்திருந்தது.

அவள் ஏன் சீனாவைத் தேர்ந்தெடுத்தாள் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த உடைந்த வளையத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. உடைவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவை எதற்கு என்பதுதான் ரதியின் ஆராய்ச்சி. ஒருநாள் புட்டுக்கு மா அவித்துக்கொண்டு இருந்தவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, கொள்ளிக்குடம்!" என்றாள்.

நான் பயந்து போனேன். யாருக்கு என்ன ஆகிவிட்டதோ என்று.

"இல்லையப்பா. செத்தவீட்டிலை கொள்ளிக்குடத்தை என்ன செய்யிறம்? சுத்தி வரேக்கை முதல்லை ஓட்டை போடுறம், பிறகு உடைக்கிறம். இதுவும் அதுதான். ஆள் செத்த பிறகு வளையத்திலை ஓட்டை போட்டு, உடைச்சு, அவவோடை வச்சு விட்டிருக்கினம். இனி இந்த உலகத்திலை இதுக்கு வேலை இல்லை எண்டு."

எனக்குச் சரியாகத்தான் பட்டது. கொள்ளிக்குடம் உடைக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் சரியாகத்தான் படும். அவள் இன்னொன்றும் சொன்னாள். பிற்காலச் சீனர்கள் இறந்தவருடைய நாக்கில் ஜேட்டில் செய்த சிள்வண்டு ஒன்றை வைப்பார்களாம். "வாய்க்கரிசி!" என்றேன். "அதுதான் சொல்லுறன், அவையளும் எங்களை மாதிரித்தான்" என்றாள். இருவருக்கும் மகா சந்தோஷம். அவளுடைய பேராசிரியை சீனாவில் பிறந்தவர். அவர்கூட, இந்தக் கோணம் புதிதாக இருக்கிறது, எழுது என்றாராம். ரதி ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். உடைந்த நகை இறந்தவர்களுக்கு உரியது என்பது அதன் முடிவு.

இந்தச் சமயத்தில்தான் நிருஜாவின் கலியாணம் நிச்சயமானது. பையன் பிரணவன், சான்ட்ரிங்ஹாமில் வளர்ந்த பிள்ளை, தங்கமான குணம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் குறித்த அன்றைக்கே ரதி வாய் திறந்தாள்.

"தாரை வார்க்க அத்தானும் கல்யாணி அக்காவும் நிக்கட்டும். அதுதான் நல்லது."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அத்தான் என்று அவள் சொன்னது என் அண்ணனை. கன்னிகாதானத்தில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்ப்பாள். சோடியாகத்தான் நிற்க வேண்டும். அவள் நிற்காவிட்டால் நானும் நிற்க முடியாது. இருபத்து நாலு வருடம் தோளிலும் காரிலும் சுமந்த என் பிள்ளையை இன்னொருவர் தாரை வார்க்க, நான் ஓரத்தில் நின்று விருந்தாளிகளுக்குக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டுமா? எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். அவள் அசையவில்லை.

"பிள்ளையின்ரை வாழ்க்கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நான் மூளி. முன்னாலை வந்து நிக்க எனக்குப் பயமாயிருக்கு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

நிருஜா தொலைபேசியில் கத்தினாள். ஆங்கிலத்தில்தான் கத்தினாள். அம்மா நிற்காவிட்டால் இந்தச் சடங்கே வேண்டாம், பதிவுத் திருமணம் போதும் என்றாள். "அப்பிடிச் சொல்லாதையம்மா" என்று மட்டும் ரதி சொல்லிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. நான் அந்த ஒரு வருடத்தை நம்பி வாயை மூடிக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கு அவள் ஒரு வளையத்தைத் தானே செய்து பார்க்க வேண்டுமாம், அந்தக் காலத்து முறையில். ஜேட் கல்லை உளியால் செதுக்க முடியாது. மணலும் தண்ணீரும் விட்டு நூலால் அறுத்து அறுத்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். கல்லுக்கு எங்கே போவது? ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொனாமு என்னும் இந்நாட்டு ஜேட் பச்சைக்கல்லில் தொங்கட்டான் விற்கும் பூர்வகுடி மாவோரிக்காரர் ஒருவரிடம் கழிவுத் துண்டு கேட்டோம். இதைத் தனக்குத் தானே வாங்குவது வழக்கமில்லை, இன்னொருவர் கொடுக்க வேண்டும் என்றார் அவர். ரதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன். சந்தை வெயிலில், மீன் கடைக்கும் கீரைக் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு.

மணலுக்காகப் பீஹா கடற்கரைக்குப் போய் ஒரு வாளி கறுத்த மணல் அள்ளி வந்தேன். இரண்டு கிழமை தேய்த்தும் கல்லில் ஒரு கீறல் விழவில்லை. அந்த மணல் கல்லைவிட மென்மையாம். பிறகு ஹார்ட்வேர் கடையில் நீச்சல் குளத்து வடிகட்டிக்குப் போடும் வெள்ளை மணல் வாங்கி வந்தோம். அது கடித்தது. நடுத் துளையை மூங்கில் குழாயால் அவளே உருட்டி உருட்டிப் போட்டாள். அதற்கே கோடை போய்க் குளிர் வந்துவிட்டது. பிறகு வெட்டு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். கராஜில் நடுவில் கல்லை இறுக்கி வைத்து, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான், நடுவில் ஈர மணல் பூசிய நூல். அவள் இழுக்க நான் விட வேண்டும், நான் இழுக்க அவள் விட வேண்டும்.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் இப்படியே போயின. நூல் அறும், புது நூல் கோர்ப்போம். விரல் வெட்டும், பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வோம். கலியாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்ததில்லை. கலியாணப் பேச்சு எடுத்தால் அவள் நூலை நிறுத்திவிடுவாள். அதனால் நான் எடுக்கவில்லை. குனிந்து இழுக்கும்போது முடி விலகி அந்தக் காது தெரியும். கையெல்லாம் மணல் என்பதால் அவளால் மூட முடியாது. நான் பார்க்காத மாதிரி கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். உண்மையில் எனக்கு அந்தக் காது பிடிக்கும். சொன்னால் நம்ப மாட்டாள்.

வெட்டு முழுசாக விழுந்த அன்றைக்கு, "முடிஞ்சுது!" என்று அவள் வளையத்தைத் தூக்கினாள். தூக்கிய கையிலேயே அது டக்கென்று இரண்டாகிவிட்டது. வெட்டுக்கு நேர் எதிரே, கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது.

நம் வீடுகளில் சொல்வதையே சொன்னேன். "விடு ரதி. உடைஞ்சதை வீட்டுக்குள்ளை வைக்கக் கூடாது, குடு" என்று துண்டுகளை வாங்கிக் குப்பைத் தொட்டியின் சிவப்பு மூடியைத் திறந்தேன்.

"வையுங்கோ அதை!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது.

"எத்தினை மாசம் அரைச்சனாங்கள்? எறிவியளோ? உடைஞ்சால் என்ன, கட்டலாம்தானே! ஓட்டை போட்டுக் கட்டலாம்தானே!"

சொல்லிவிட்டு என் கையிலிருந்து துண்டுகளைப் பிடுங்கினாள். துளைக்கு மட்டும் என் டிரில்லைப் பயன்படுத்தச் சம்மதித்தாள். உடைவுக்கு இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. நூலைக் கோர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். வளையம் மறுபடி வளையமானது. நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் வாளியின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தச் சீனக் கல்லறைப் படம்.

"இஞ்சை பாருங்கோ" என்றாள்.

இரண்டிலும் துளைகள் ஒரே இடத்தில் இருந்தன. ஒரே இடைவெளி. எனக்கே தெரிந்தது.

"ஓட்டை போட்டிட்டு உடைச்சிருந்தால் ஓட்டைக்குள்ளாலைதான் உடைஞ்சிருக்கும். இது முதல்லை உடைஞ்சிருக்கு, பிறகுதான் ஓட்டை போட்டிருக்கினம். கட்டுறதுக்கு." படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நான் பிழையா எழுதிப் போட்டனப்பா. கொள்ளிக்குடம் கொள்ளிக்குடம் எண்டு... உடைஞ்சால் செத்தவைக்குத்தான் எண்டு நானே நினைச்சுக் கொண்டன்."

பேராசிரியையிடம் போய், என் அத்தியாயம் தவறு என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் துளையின் உள்ளே பார்ப்போம் என்றாராம். அந்த வளையத்தை வைத்திருக்கும் இடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். துளைக்குள் ரப்பர் விட்டு எடுத்த அச்சுகளின் பெரிதாக்கிய படங்கள் சில மாதங்கள் கழித்து வந்தன. ரதி என்னைப் பக்கத்தில் இருத்திக் காட்டினாள். இரண்டு துளைகளிலும் உடைவைப் பார்த்த ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. நூல் உரசிய தேய்வு. ஒரு நாள் இரண்டு நாளில் விழுகிற தேய்வில்லை. அந்தப் பெண் உயிரோடு இருந்த காலத்தில் வளையம் உடைந்திருக்கிறது. கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நூல் இற்றுப் போகப் போகப் புது நூல் மாற்றிப் போட்டிருக்கிறாள். வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டு சமைத்திருப்பாள், சண்டை பிடித்திருப்பாள், பிள்ளை வளர்த்திருப்பாள். கடைசியில் ஊரார் அவளை அதோடே படுக்க வைத்திருக்கிறார்கள்.

"எறியேல்லை, என்ன?" என்றாள் ரதி.

"ஓம். எறியேல்லை" என்றேன்.

அத்தியாயத்தை முழுவதும் அழித்துத் திருப்பி எழுதினாள். கலியாணத்தைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பயம். அண்ணனுக்கு வேட்டி சால்வையும் அண்ணிக்குப் பட்டுச் சேலையும் எடுத்தாயிற்று. கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் வாழையிலையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நின்றபோது, "கொண்டை ஊசி ஒரு பெட்டி எடுங்கோ" என்றாள்.

"ஆருக்கு?"

"எனக்கு. கொண்டை போடப் போறன்."

கொண்டை போட்டால் காது தெரியும். நான் வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்க மறந்து மூன்று பெட்டி வாங்கி வந்தேன்.

கலியாணக் காலையில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில் அவளைப் பார்த்தேன். முடியை வாரி உயர்த்திக் கொண்டை போட்டு மல்லிகை வைத்திருந்தாள். வலது காதில் தாயார் கொடுத்த தோடு. இடது காதில் எங்கள் பச்சைக்கல் வளையம். பழைய நூலை எடுத்துவிட்டு உடைவை மஞ்சள் பூசிய நூலால் கட்டியிருந்தாள். சோணை இல்லாத காதில் அது எப்படி நிற்கும்? அதே மஞ்சள் நூலைக் காதுக்கு மேலால் சுற்றிக் கொண்டையில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தாள், ஜிமிக்கிக்கு மாட்டல் போடுவதைப் போல. கழுத்தைத் திருப்பும்போது வளையம் மெல்ல ஆடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னப்பா, வடிவில்லையோ?" என்று கேட்டாள். நான் தலையைத்தான் ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணி உள்ளே வந்தார். அந்தப் பட்டுச் சேலையில், தாரை வார்க்கத் தயாராக. ரதியின் காதைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ரதி இது? நல்ல நாளும் அதுவுமாய் உடைஞ்சதைப் போட்டிருக்கிறாய்?"

"ஓமக்கா, உடைஞ்சதுதான்" என்றாள் ரதி. "கட்டிப் போட்டிருக்கிறன்."

அண்ணி கிட்ட வந்து வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். பிறகு ரதியின் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கப் போனேன், திறந்திருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அதற்குள் அண்ணி தன்னுடைய கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். "நூல் வழுக்குது, ஆடாமல் நில்" என்று சொல்லி, மாட்டல் நூலைச் சேர்த்துப் பிடித்து ரதியின் கொண்டையில் ஊசியைக் குத்திவிட்டார். மேசையில் தாரை வார்க்க வைத்திருந்த செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மணவறையில் நிருஜா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்து, "பெண்ணின்ரை தாயார் எங்கை?" என்று கேட்டார்.

"இஞ்சை நிக்கிறன்" என்றாள் ரதி.